கடையிலேயே முடிவெடுங்கள்: பிளாஸ்டிக்கையும் குப்பையையும் குறைக்க மலையக வீட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன வருட மழையில் ஒரு காலை எங்கள் தோட்டத்து லயத்துப் (வரிசை வீடுகளின்) பீலியில், அதாவது மலைத் தண்ணீர் வரும் குழாயில், தண்ணீர் நின்றுபோனது. இரண்டு பேராக மேலே ஏறிப் பார்த்தோம். குழாயின் வாயை ஒரு சொப்பிங் பேக் அடைத்துக்கொண்டிருந்தது. கையை விட்டு இழுத்தால் உள்ளே ஊறிப்போன ஒரு டயப்பர், மூன்று சோயா பெக்கட், ஒரு பிஸ்கட் உறை. எல்லாம் மேல் லயத்துக் குப்பை. கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து குளிர்ந்த கையை அடுப்பில் காட்டும்போதுதான் உறைத்தது: எங்கள் குப்பையை நாங்கள் எங்கே எறிகிறோம்? பின்பக்கக் கானில் (வடிகாலில்). அது யாருடைய பீலிக்குப் போயிருக்கும்?

மலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். டிக்கோயாப் பக்கத்துக் கானில் விழும் பெக்கட் கெசல்கமு ஓயாவுக்குப் போகும், அங்கிருந்து காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு. மஸ்கெலியாப் பக்கமென்றால் மஸ்கெலியா ஓயா வழியாக மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு. இரண்டு ஆறும் கித்துல்கல பக்கம் சேர்ந்து களனி கங்கையாகிறது. அந்தக் களனித் தண்ணீரைத்தான் அம்பத்தலையில் சுத்திகரித்துக் கொழும்புக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். தலவாக்கலையில் எறிந்தால் கொத்மலை ஓயா, பிறகு மகாவலி, கடைசியில் திருகோணமலைக் கடல்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. டவுனில் இருப்பவர் வீட்டு வாசலுக்குக் குப்பை லொறி வரும். நம் லயங்களுக்கு அநேகமாக வராது. அதற்கு ஒரு காரணம் சட்டமாகவே இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். முப்பது வருடம் லொறி வராத இடத்தில் எரிப்பதும் கானில் எறிவதும் பழக்கமாகிப்போனதில் ஆச்சரியமில்லை.

அதனால் நான் சொல்ல வருவது ஒன்றுதான். வீட்டுக்குள் வந்த பிளாஸ்டிக்கை நல்லபடியாகக் கழிக்க நமக்கு வழி குறைவு. எனவே அது வீட்டுக்கு வராமலே இருக்க வேண்டும். அதற்கான இடம் கடைதான். விலை கூடிய ‘பசுமைப்’ பொருள் எதுவும் வாங்கச் சொல்லவில்லை. கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவை காசை மிச்சம் பிடிப்பவை.

முதல் படி: ஒரு வாரம் எதையும் எறியாதீர்கள்

ஒரு பழைய அரிசி பேக்கை அடுப்படி மூலையில் தொங்கவிடுங்கள். மரக்கறித் தோலும் சோறும் தவிர, வீட்டில் கழியும் எல்லாம் அதற்குள் போகட்டும். பால்மா உறையையும் மீன் சுற்றி வந்த பையையும் கழுவிப் போடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாளே நாறும். ஏழாம் நாள் வாசலில் ஒரு சாக்கை விரித்துக் கொட்டி, வகை வகையாகக் குவித்து எண்ணுங்கள். பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் நம்மைவிடச் சரியாக எண்ணுவார்கள்.

எங்கள் வீட்டில் நாலு பேர். அந்த வாரம் 61 துண்டு வந்தது. அதில் 23 சொப்பிங் பேக். மிளகாய்த்தூள், கோப்பி, சோயா, நூடில்ஸ் போன்ற சின்னப் பெக்கட்டுகள் 17. பிஸ்கட், இனிப்பு உறை 11. யோகட் கப் 4. சோடா, தண்ணீர்ப் போத்தல் 3. பால்மா உறை 1. சவர்க்காரச் சுற்றும் மருந்து அட்டையும் 2. பிளாஸ்டிக் என்றால் போத்தல்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் போத்தல் பிரச்சினையே இல்லை; பையும் சின்னப் பெக்கட்டும்தான் மூன்றில் இரண்டு பங்கு.

உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கலாம். கைக்குழந்தை இருந்தால் டயப்பர் முன்னால் நிற்கும். எந்தக் குவியல் பெரிதோ அங்கிருந்து ஆரம்பியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் போனால் இரண்டு வாரத்தில் கைவிட்டுவிடுவீர்கள். எண்ணிய கணக்கைக் கலண்டரின் பின்பக்கம் எழுதி வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டாம் படி: பை

இது சுலபமானது, பலன் பெரியது. 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீன் பைகள் 2017 செப்டம்பரிலேயே தடை செய்யப்பட்டன. 2025 நவம்பர் 1 முதல் கைப்பிடி உள்ள சொப்பிங் பேக்கைக் கடைக்காரர் இலவசமாகக் கொடுக்கக்கூடாது. விலையைப் போட்டு பில்லிலும் காட்ட வேண்டும். இனி ஒவ்வொரு பைக்கும் நம் காசு போகிறது.

துணிப்பையைக் கடையில் வாங்காதீர்கள். அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்று பெட்டிக்குள் கிடக்கும், அதை எடுங்கள். நைலெக்ஸ் வேண்டாம், வழுக்கும். சேலையின் அகலம் ஏறக்குறைய 45 அங்குலம். ஒரு யார் நீளத்துக்கு வெட்டி, அகலத்தில் 17 அங்குலமாக இரண்டு துண்டு எடுங்கள். மீதி 11 அங்குலம் கைப்பிடிக்கு. 17 அங்குலத் துண்டை நடுவில் மடித்து இரு பக்கமும் தைத்தால் பை. தையலை ஒருமுறை போட்டு, உள்ளே திருப்பி, திரும்பவும் ஒருமுறை போடுங்கள். ஐந்து கிலோ கோதுமை மாவைத் தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் நடக்கும்போது பிரியக்கூடாது. கைப்பிடித் துணியை நாலாக மடித்துத் தைத்து, பையோடு சேரும் இடத்தில் பெருக்கல் குறி மாதிரிக் குறுக்குத் தையல் போடுங்கள். அவ்விடம்தான் முதலில் கிழியும். ஒரு சேலையில் நைந்த இடங்களைத் தள்ளினால்கூட எட்டுப் பை வரும்.

எட்டையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒன்று கதவாணியில், ஒன்று கைப்பைக்குள், ஒன்று வேலைக்குக் கொண்டுபோகும் பைக்குள். பை இல்லாததால் யாரும் பொலித்தீன் வாங்குவதில்லை, பை வீட்டில் இருந்துவிடுவதால்தான் வாங்குகிறோம். மழை நாளுக்கு, கழுவிய ஐந்து கிலோ அரிசி பேக்கில் கைப்பிடி தைத்துக்கொள்ளலாம். உர பேக்கை மட்டும் சாப்பாட்டுச் சாமானுக்கு எடுக்க வேண்டாம், எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம்.

மீனுக்கும் கருவாட்டுக்கும் மூடி போட்ட டப்பா கொண்டுபோங்கள். முதல் தடவை மீன்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். “அண்ணே, இதிலேயே போடுங்க, வீட்டுக்குப் போய் அப்படியே கழுவி எடுத்துடுவேன்” என்று சொன்னால் முடிந்தது. இப்போது எங்கள் மீன்காரர் நான் டப்பா மறந்து போனால் கேட்கிறார்.

மூன்றாம் படி: சின்னப் பெக்கட்

இதில்தான் நிறையப் பேருக்குச் சிக்கல், எனக்கும் இருந்தது. சின்னப் பெக்கட் வாங்குவது சோம்பலால் அல்ல. சம்பள நாளுக்கும் அடுத்த சம்பள நாளுக்கும் நடுவில் கையில் இருப்பதற்கு அதுதான் கிடைக்கும். ஆகவே “பெரிதாக வாங்குங்கள்” என்று சும்மா சொல்வதில் பயனில்லை.

2021 மார்ச் 31 முதல் 20 மில்லிலீட்டர் அல்லது 20 கிராம், அதற்குக் குறைந்த சாஷேக்கள் தடை. ஆனால் உணவுக்கும் மருந்துக்கும் அந்தச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அதனால் மிளகாய்த்தூளும் கோப்பியும் இன்னும் கடைக் கயிற்றில் சரம் சரமாகத் தொங்குகின்றன. பல அடுக்காக ஒட்டிய அந்த உறையைப் பழைய போத்தல், பேப்பர் எடுப்பவர்கூட வாங்க மாட்டார்.

நாங்கள் கண்டுபிடித்த வழி, சீட்டுப் பிடிப்பது மாதிரி. எங்கள் வரிசையில் நாலு வீடு சேர்ந்தோம். சம்பளத்துக்கு மறுநாள் ஆளுக்கு ஒரு சிறு தொகை போட்டு, ஒருவர் டவுனுக்குப் போய் மிளகாய், மல்லி, பருப்பு, சீனி, சவர்க்காரத்தூள் எல்லாம் நிறுத்து மொத்தமாக வாங்கி வருவார். சாயங்காலம் ஒரு வீட்டுத் திண்ணையில் தராசு வைத்துப் பங்கு. அவரவர் பழைய ஜாம் போத்தல், பால்மா டின் கொண்டுவர வேண்டும். மாதம் ஒரு வீட்டுக்காரர் போவார், அதனால் பஸ் காசும் ஒரு ஆளுக்குத்தான்.

இரண்டு எச்சரிக்கை. மழைக்காலத்தில் மிளகாய்த்தூள் சீக்கிரம் பூசணம் பிடிக்கும், எனவே காய்ந்த மிளகாயாக வாங்கி மில்லில் அரைத்துக்கொள்வது நல்லது. கணக்கை ஒரு கொப்பியில் எல்லாருக்கும் தெரியும்படி எழுதுங்கள். பத்து ரூபாயில் அக்கம்பக்கம் முறிந்துபோகக்கூடாது.

பிள்ளைகளின் இனிப்பு உறை குறைய எனக்கு ஒரே வழிதான் பலித்தது: ஸ்கூல் விட்டு வரும் நேரத்துக்கு ஏதாவது சூடாக இருப்பது. அவித்த வத்தாளங்கிழங்கோ தேங்காய் ரொட்டியோ இருந்தால் கடைப்பக்கம் கால் போகாது.

நான்காம் படி: மரக்கறியும் பாலும்

நுவரெலியாவும் வெலிமடையும் நாட்டுக்கே மரக்கறி அனுப்புகின்றன. அப்படியிருந்தும் நாம் சில சமயம் கப்பலில் வந்த உருளைக்கிழங்கைச் சமைக்கிறோம். கடையில் “உள்ளூர்க் கிழங்கா?” என்று கேளுங்கள். செம்மண் ஒட்டியிருந்தால் பயப்படாதீர்கள், அந்த மண் நல்ல அடையாளம். கழுவிப் பளபளக்கும் கரட்டைவிட மண்ணோடு வரும் கரட் வீட்டில் கூட நாள் தாங்கும். கோணலான கரட், சின்ன பீட்ரூட் என்று ஒதுக்கி வைத்திருப்பதையும் கேட்டு வாங்குங்கள். கறிக்குள் போனால் கோணல் தெரியாது.

மலை மரக்கறிக்குப் பூச்சிமருந்து அதிகம் அடிக்கிறார்கள் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். லீக்ஸின் மடிப்பை விரித்துக் கழுவுங்கள், கோவாவின் வெளி இலைகளைத் தள்ளுங்கள். அதைவிட நல்லது, மருந்தே அடிக்காமல் வருவதை வாரத்தில் இரண்டு மூன்று நாள் சமைப்பது. லயத்துக்குப் பின்னால் ஒரு சவ்சவ் கொடியை ஏற்றிவிட்டால் காயும் தரும், குருத்தும் கீரையாகும். வல்லாரை ஈரத்தில் தானாகப் படரும். இவற்றுக்கு உறையுமில்லை, லொறியுமில்லை.

பால்மாவின் பெரும்பகுதி நியூசிலாந்து மாதிரித் தூர நாடுகளிலிருந்து வருகிறது. பக்கத்தில் மாடு வளர்ப்பவர் இருந்தால் ஒரு கேனைக் கொடுத்து, காலையில் அரைப் போத்தல் பால் பேசிக்கொள்ளுங்கள். முழுக்க மாற முடியாவிட்டாலும் பிள்ளைகளின் பாலை மட்டும் மாற்றினால் மாதத்தில் ஒன்றிரண்டு உறை குறையும், காசும் தோட்டத்துக்குள்ளேயே நிற்கும்.

ஐந்தாம் படி: தேயிலை

இதை எழுதாமல் விட மனம் வரவில்லை. பறிப்பது நம் வீட்டுப் பெண்கள், டவுன் கடையில் பேக் வாங்கிக் குடிப்பதும் நாம். தேயிலை பேக்குகள் பலவற்றை ஒட்டுவதற்கே பிளாஸ்டிக் சேர்க்கிறார்கள். பட்டுப்போல மினுங்கும் முக்கோண பேக்குகள் நைலோனாகவோ வேறு பிளாஸ்டிக்காகவோ இருப்பதுண்டு. கொதிநீரில் போட்டால் நுண்துகள்கள் இறங்கும். தூளாக வாங்கி வடிகட்டிக் குடியுங்கள். சக்கையைச் சவ்சவ் கொடிக்குப் போடுங்கள்.

பெட்டியில் உள்ள படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாளேந்திய சிங்கம் இருந்தால் அது முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது என்று அர்த்தம். சூழலுக்கும் அதற்கும் தனித் தொடர்பில்லை. பச்சைத் தவளை இருந்தால் ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் சான்று பெற்ற தோட்டத்து இலை. காடு, தண்ணீர், தொழிலாளர் நிலை பற்றிய விதிகள் அதில் உண்டு. ஆனால் மருந்தே அடிக்காத தேயிலை என்று அதற்குப் பொருளில்லை. அப்படி வேண்டுமானால் இயற்கை வேளாண்மைச் சான்று தனியாக இருக்க வேண்டும். நமக்கு இதைவிட நல்ல சான்று ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: அந்த மலையில் கொழுந்து எடுக்கும் அக்காவிடம் கேட்பது. மருந்து அடித்து எத்தனை நாளில் பறிக்க விடுகிறார்கள், கையுறை கொடுக்கிறார்களா என்று அவருக்குத் தெரியும்.

ஆறாம் படி: அடுப்பும் கரண்டும்

மழைக்காலத்தில் விறகு பிடிக்காவிட்டால் ஒரு சொப்பிங் பேக்கைச் சுருட்டிப் பற்றவைப்பது நம் வீடுகளில் சாதாரணம். என் அம்மாவும் செய்தார். தயவுசெய்து இதை மட்டுமாவது இன்றே நிறுத்துங்கள். லயத்து அறையான காம்பராவுக்குள் இருந்து அந்தப் புகை வெளியே போக வழியில்லை. குறைந்த சூட்டில் பிளாஸ்டிக் எரிந்தால் நச்சு வாயுக்கள் வரும், பீவீசீ கலந்திருந்தால் டயொக்சினும் வரும். அது பிள்ளையின் நெஞ்சுக்குள் போகிறது. பதிலாக, தேங்காய்ப் பொச்சையும் சிரட்டைத் துண்டையும் அடுப்புக்கு மேலே ஒரு தட்டில் எப்போதும் காயவைத்திருங்கள். காய்ந்த தோடம்பழத் தோலும் நன்றாகப் பற்றும்.

விறகுக்குப் பச்சை மரத்தை வெட்டாமல் கவ்வாத்து மிலாறை (கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியை)ச் சேர்த்து, நனையாமல் ஒரு பருவம் அடுக்கி வையுங்கள். ஈர மிலாறு கூடுதலாகச் செலவாகும், புகையும் கூட. அனகி என்று சொல்லும் இரண்டு பானை களிமண் அடுப்பு கிடைத்தால் வாங்குங்கள். ஒரே நெருப்பில் சோறும் கறியும் ஆகும்.

கரண்ட் நம் ஆறுகளிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறோம். பாதிதான் உண்மை. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாடு முழுக்கத் தேவை உச்சத்தில் இருக்கும், அப்போது எண்ணெய் எரித்து ஓடும் நிலையங்களும் சேர்ந்துகொள்ளும். இஸ்திரிக்கையையும் வெந்நீர் ஹீட்டரையும் அந்த நாலு மணி நேரத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாதவை

பூச்சிமருந்து வந்த பிளாஸ்டிக் கேன். சந்தையில் கழுவி விற்பார்கள். தண்ணீருக்கும் மண்ணெண்ணெய்க்கும்கூட வேண்டாம், ஒருநாள் யாராவது அதில் பால் ஊற்றிவிடுவார்கள்.

காட்டுப்பன்றி இறைச்சி. இதைப் படித்துச் சிலருக்கு முகம் சுளிக்கலாம், ஆனாலும் சொல்கிறேன். பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கு பன்றியை மட்டும் பிடிப்பதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் மாட்டியது. உயிரோடு மீட்டு, சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாளில் செத்துப்போனது. வாங்குபவர் இருக்கும்வரை சுருக்கு வைப்பவர் இருப்பார்.

போத்தல் தண்ணீர். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை நல்ல போத்தலில் எடுத்துப் போகலாம்.

எட்டாம் படி: திருவிழாவும் மலையேற்றமும்

வீட்டில் ஒரு வாரம் தவிர்த்த பிளாஸ்டிக்கைத் தேர்த் திருவிழாவில் ஒரு மணி நேரத்தில் தாண்டிவிடுவோம். பிளாஸ்டிக் தட்டு, கப், கரண்டி, ஸ்ட்ரோ எல்லாம் 2023 ஒக்டோபர் 1 முதல் தடை என்பதைக் கோயில் கமிட்டிக்கு நினைவுபடுத்துங்கள். குற்றம் சொல்லாமல், ஒரு வேலையோடு போங்கள். நாங்கள் அன்னதானத்துக்கு வீட்டுக்கு ஐந்து எவர்சில்வர் தட்டும் ஐந்து டம்ளரும் கேட்டோம். அடையாளத்துக்கு அடியில் நகப்பூச்சால் ஒரு புள்ளி, வீட்டுக்கு ஒரு நிறம். இளைஞர்கள் பீலிக்குப் பக்கத்தில் மூன்று அண்டா வைத்துக் கழுவினார்கள். இரண்டு டம்ளர் தொலைந்தது, அவ்வளவுதான்.

சிவனொளிபாத மலைக்குப் போகும்போது, டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரையான சீசனில், கொண்டுபோன உறையைத் திரும்பக் கொண்டுவர ஒரு தனிப் பை வைத்திருங்கள். வழியிலுள்ள தொட்டியில் போட்டால்கூடக் காற்றும் மிருகமும் இழுத்துவிடும்.

கடைசிப் படி: மிச்சம்

மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் ஒரு வாரக் கணக்கு எடுங்கள். எங்கள் வீட்டில் 61 ஆனது 19. அந்தப் பத்தொன்பதில் பிஸ்கட் உறையும் மருந்து அட்டையும்தான் கூட. இதற்குக் கீழே இன்னும் இறக்க முடியவில்லை.

மக்குவதை மக்கவிடுங்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், அந்தக் குளிரில் குழியில் போட்டது மெதுவாகத்தான் மக்கும். நிழல் மரத்து உதிரிலையையும் கொஞ்சம் மாட்டுச் சாணத்தையும் அடுக்காகப் போட்டு, மழை இறங்காமல் மேலே ஒரு தகரம் வையுங்கள். மீதியை நாட்டின் நிறக் கணக்குப்படியே பிரியுங்கள்: கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்குக் கபிலம். நிறப் பை இல்லாவிட்டால் நிறத்துணி ஒன்றைக் கட்டிவிட்டால் போதும்.

அப்புறம் பிரதேச சபைக்கு ஒரு கடிதம். புகாராக எழுதாதீர்கள். எத்தனை வீடு, வாரத்துக்குப் பிரித்த குப்பை எத்தனை பை, லொறி திரும்பக்கூடிய இடம் எது என்று மூன்றே விஷயம். 2018 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் தடை என்று சொல்ல முடியாது என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியில் ‘கிடைத்தது’ என்று முத்திரை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு மூன்றாவது கடிதத்துக்குத்தான் பதில் வந்தது. லயத்துக்கு வராவிட்டாலும் இப்போது வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குச் சந்திக்கு லொறி வருகிறது. உங்களுக்கும் வந்தால் பையை அன்று காலை ஏழே முக்காலுக்குக் கொண்டுபோய் வையுங்கள். முதல் நாள் இரவே வைத்தால் நாய் கிழித்து எல்லாவற்றையும் கானுக்குள் இறக்கிவிடும்.